அண்டாவுக்குள் பாடினவன்

கடலுக்கும் ரயில் பாலத்துக்கும் நடுவில், ஒரு பக்கம் உப்புக்காற்றும் ஒரு பக்கம் கரித்தூளும் வந்து படிகிற எங்கள் பீப்பாய்ப்பேட்டையில், வெள்ளைக்காரன் கட்டின ஒரு பீர் கம்பெனி இருந்தது. இருந்தது என்ன, இப்பவும் இருக்கிறது, செங்கல் உதிராமல் அப்படியே நிற்கிறது, உள்ளே இருந்தவர்கள்தான் மாறிக்கொண்டே போனார்கள், ஒருத்தனைத் தவிர.

அந்த ஒருத்தன் பேர் ஏகாம்பரம். அண்டா கழுவுகிற வேலை. அண்டா என்றதும் கல்யாண வீட்டு அண்டா என்று நினைத்துவிடாதீங்க. ஒரு குடிசையை அப்படியே உள்ளே இறக்கி மூடி போட்டுவிடலாம், அவ்வளவு பெரிய செம்பு அண்டா. அதில் பார்லி ஊறிப் புளித்து, நுரைத்துப் பொங்கி அடங்கினபிறகு, அடிக்குழாயைத் திறந்து பீரை எடுத்துவிட்டால், சுவரெல்லாம் ஒரு பிசின் ஒட்டிக்கொண்டிருக்கும். அதைத் தேய்த்து எடுக்க ஒரு ஆள் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு மேல்வாய் வழியாக உள்ளே இறங்கணும். இறங்குவது பெரிசில்லை. அண்டாவின் அடிவயிற்றில் ஒரு கெட்ட காற்று தங்கியிருக்கும், அது கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது, நிற்கிற ஆளைச் சத்தமில்லாமல் உட்காரவைத்து, உட்கார்ந்த ஆளைப் படுக்கவைத்துவிடும். அதனால் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். உள்ளே போனவன் பாடிக்கொண்டே இருக்கணும், பாடுகிறவன்மேல் அந்தக் காற்று ஏறாது; வெளியே கயிறு பிடிக்கிறவள் கேட்டுக்கொண்டே இருக்கணும், பாட்டு நின்றால் இழுக்கணும். பாட்டு கேட்கிற வரைக்கும் அவள் வாயைத் திறக்கக் கூடாது, ஒரு சொல் கூடாது, ஏனென்றால் அவள் பேசுகிற அந்த ஒரு சொல்லுக்குள் பாட்டு நின்றுபோனால் தெரியாமல் போய்விடும். சாயங்காலம் கம்பெனிச் சங்கு ஊதினால் உள்ளே இருக்கிறவன் பாட்டை நிறுத்திக் கயிற்றை மூணு தடவை சுண்டுவான், மேலே இழுப்பார்கள், அத்தோடு அவன் வேலையும் முடிந்தது, அவள் வாய்க்கட்டும் அவிழ்ந்தது.

பிடிக்கிறவள் என்று சொன்னேனே, அது ஏன் என்றால், முன்னே ஆம்பளைகள்தான் பிடித்தார்கள், பிடித்தவர்கள் ஒரு இழுப்பு பீடிக்கு வெளியே போனார்கள், போய் வருவதற்குள் உயிர் போனது. துரை பார்த்தான், அவனவன் பெண்டாட்டியையே கூலி கொடுத்துக் கயிறு பிடிக்க உட்காரவைத்துவிட்டான். ஏகாம்பரத்துக்குக் கயிறு பிடித்தவள் வேதவல்லி. கட்டிக்கொண்டு வந்து வருசம் திரும்பவில்லை, வயிற்றில் பிள்ளை. அண்டாவுக்குள்ளிருந்து அவன் பாடினால் வெளியே ஆயிரம் பேர் பாடுகிற மாதிரி முழங்கும்:

தேய்க்கத் தேய்க்கத் தங்கத் தோண்டி
தெரியுதாடி என் பொண்டாட்டி
சங்கு ஊதினா வீட்டுக்குப் போலாம்
சட்டி மீனை வழிச்சுத் திங்கலாம்

கோட்டையில் கொடி மாறின சமயம். குடி கூடாது என்று சட்டம் வந்து, கம்பெனிக்குச் சீல் வைக்கச் சாராய இலாகாவின் அப்காரி இன்ஸ்பெக்டர் வந்தார். தெருவில் மதுவிலக்கு ஊர்வலம், மேளம், பஜனை; உள்ளே வேலை போகிறதே என்று ஆணும் பெண்ணும் மார்பில் அடித்துக்கொண்டு அழுகிறார்கள். முதலில் சங்கு அறையைப் பூட்டி அரக்கு வைத்தார். அப்புறம் பாட்டில் அறை, பீப்பாய் அறை. கடைசியாக அண்டா. சேவகர்கள் ஏணி போட்டு ஏறி, மேளச் சத்தத்தில் உள்ளே பாடுவது காதில் விழாமல், மூடியை இழுத்து மூடினார்கள். மூடி ஓரத்தில் கயிறு ஓடுவதற்கென்று ஒரு பள்ளம் உண்டு, அதனால் கயிறு நசுங்கவில்லை, மூடி பாந்தமாக உட்கார்ந்தது. சிவப்பு அரக்கை உருக்கி ஊற்றி முத்திரை குத்தினார்கள்.

வேதவல்லி கீழே கயிற்றைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கத்தவில்லை. ஏன் கத்தவில்லை என்று கேட்காதீங்க. உள்ளே பாட்டு கேட்டுக்கொண்டிருந்தது. பாட்டு கேட்கிற வரைக்கும் வாய் திறக்கக் கூடாது. அவளுக்குக் கற்றுக்கொடுத்தது அதுதான். கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும் கொட்டிக்கொண்டிருந்தது. அங்கே யார் கண்ணில்தான் கொட்டவில்லை? இன்ஸ்பெக்டர் அவளைத் தாண்டிப் போகும்போது, "அழுவாதேம்மா, சர்க்காரு வேற வேல குடுக்கும்" என்று நல்லபடியாகத்தான் சொல்லிவிட்டுப் போனார்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பக்கத்துவீட்டு மரகதம் தேடிக்கொண்டு வந்து, "இன்னாடி இன்னும் குந்திகினு கீறே? குடு இங்கே" என்று கயிற்றை வாங்கினபிறகுதான் வேதவல்லி வாயைத் திறந்தாள். "எக்கா, உள்ள என் வூட்டுக்காரு கீறாருக்கா."

அதற்குள் இன்ஸ்பெக்டர் ரயிலேறிவிட்டார்.

மறுநாள் பேட்டையே வந்து காது வைத்துக் கேட்டது. பாடுகிறானா? பாடுகிறான். அதற்கு மறுநாளும் வந்து கேட்டது. பாடுகிறான். அப்புறம் அவரவர் வேலை இருக்கிறதே, பார்க்கப் போனார்கள். அரக்கை உடைக்கலாம் என்றான் ஒருத்தன். சர்க்கார் அரக்கு, தொட்டால் ஜெயில் என்றான் இன்னொருத்தன். ஜெயிலுக்குப் போகிற அளவுக்கு யாருக்கும் அவன் சொந்தம் இல்லை. வேதவல்லி மரகதத்திடம் கயிற்றைக் கொடுத்துவிட்டு ஆபீஸ் ஆபீஸாக ஏறினாள். வைத்தவர்தான் எடுக்கணும் என்றார்கள். வைத்தவர் எங்கே? மாற்றலாகிப் போய்விட்டார். போன ஊருக்குப் போனால், பென்ஷன் வாங்கிக்கொண்டு காசிக்குப் போய்விட்டார் என்றார்கள். பிறகு அந்த டிப்பார்ட்மெண்டையே கலைத்து இன்னொன்றோடு சேர்த்துவிட்டார்கள். சேர்ந்த இடத்தில், "நாங்க வெச்ச சீல் இல்லையேம்மா இது" என்றார்கள்.

என்ன சாப்பிட்டான் என்று கேட்பீங்க. வேதவல்லி சோறும் குழம்பும் ஆக்கி, சட்டியோடு கொண்டுபோய் அடிக்குழாயைத் திறந்து அதன் வாயில் கொஞ்ச நேரம் வைத்திருப்பாள். எடுக்கும்போது சட்டி வைத்தபடியே நிறைந்திருக்கும், ஒரு பருக்கை குறைந்திருக்காது, ருசி மட்டும் போயிருக்கும். உப்பு இருக்காது, புளிப்பு இருக்காது, மீன் என்றால் மண்ணுருண்டை மாதிரி இருக்கும். அதைத்தான் அவள் சாப்பிட்டாள். அவளுக்குப் பிறந்த பெண் தாயாருவும் பால் மறந்த நாளிலிருந்து அதைத்தான் சாப்பிட்டாள். அப்பன் முதலில் சாப்பிடாமல் வீட்டில் யாரும் வாயில் வைப்பதில்லை. சாப்பாட்டுக்கு ருசி என்று ஒன்று உண்டு என்பதே அந்தப் பெண்ணுக்குத் தெரியாது.

கட்டடத்தைச் சும்மா விடுவார்களா? முதலில் அரிசி கோடவுன் ஆனது. மூட்டை தூக்குகிறவர்கள் அண்டாவைத் தட்டி, "இன்னா ஏகாம்பரம், உள்ள ஃபேனு கீதா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். அவன் பாட்டுச் சத்தத்துக்கு எலி வருவதில்லை என்று கோடவுன் மேனேஜர் கண்டுபிடித்து, வேதவல்லிக்குப் பெருக்குகிற வேலை போட்டுக் கொடுத்தார். மூட்டை எண்ணுகிறவன் ஒண்ணு என்பதற்குப் பதிலாக லாபம் வைத்து "லாபம், ரெண்டு, மூணு" என்று எண்ணுவது செம்பு வழியாக உள்ளே போய், கொஞ்ச நாளில் ஏகாம்பரம் தங்கத் தோண்டிக்கு நடுவில் "லாபம், ரெண்டு, மூணு" என்று சேர்த்துப் பாட ஆரம்பித்தான். அப்புறம் அரிசி வேறிடம் போனது, கார்ப்பரேஷன் பள்ளிக்கூடம் வந்தது. பிள்ளைகள் வாய்ப்பாடு கத்தினார்கள், அதுவும் பாட்டில் சேர்ந்துகொண்டது. தாயாருவும் அங்கேதான் படித்தாள். கணக்குப் பரீட்சையில் தடுமாறுகிற பிள்ளை அண்டாப் பக்கம் காதைச் சாய்த்தால் ஈரெட்டு பதினாறு என்று உள்ளிருந்து வரும். வாத்தியார் பார்த்தும் பார்க்காத மாதிரி இருப்பார். இப்படி அந்தக் கட்டடத்துக்குள் என்னென்ன நடந்ததோ அவ்வளவும் அவன் பாட்டுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்துகொண்டே போனது, பிசின் படிகிற மாதிரி. ஆனால் கடைசி இரண்டு அடி மட்டும் மாறவே இல்லை: சங்கு ஊதினா வீட்டுக்குப் போலாம், சட்டி மீனை வழிச்சுத் திங்கலாம்.

பள்ளிக்கூடமும் போய், வஜ்ஜிரவேலு முதலியார் அதைக் குத்தகைக்கு எடுத்துக் கல்யாண மண்டபம் ஆக்கினார். முதல் கல்யாணத்தில், தாலி கட்டுகிற நேரத்தில், அண்டாவுக்குள்ளிருந்து "தெரியுதாடி என் பொண்டாட்டி" என்று கேட்க, மாப்பிள்ளை வெட்கப்பட, பந்தலே சிரித்தது. அந்தத் தம்பதிக்கு இரட்டைப் பிள்ளை. அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. அண்டாக்காரன் பாடின கல்யாணம் அமோகமாக இருக்கும் என்று ஊரெல்லாம் பேச்சாகி, தை மாசத்துக்கு ஆடியிலேயே வந்து அட்வான்ஸ் கொடுத்தார்கள். பேட்டையில் பூக்கட்டுகிறவள், பாத்திரம் தேய்க்கிறவள், மேளக்காரன், சமையல்காரன், வாழையிலை விற்கிறவன் எல்லார் வீட்டிலும் அடுப்பு அந்தப் பாட்டால் எரிந்தது. தாயாரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்து எத்தனையோ கல்யாணம் பார்த்தாள். அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள் கயிற்றைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள்.

வேதவல்லி விடவில்லை. தலை நரைத்தபிறகும் படியேறினாள். கடைசியில் ஒரு நல்ல மனுசன், அந்த வருசம் பதவியில் இருந்தவர், அவள் சொன்னதை முழுக்கக் கேட்டு, சீலை உடைக்க உத்தரவு போட்டு, ஒரு அதிகாரியைச் சுத்தியலோடு அனுப்பியும் வைத்தார். அனுப்பின நாள் தை மாசத்து முகூர்த்த நாள்.

அதிகாரி உள்ளே வரும்போது மண்டபத்தில் வாழைமரம் கட்டியிருக்கிறது, மணையில் மாப்பிள்ளை உட்கார்ந்திருக்கிறான். தாயாரு பாத்திரம் கழுவப் பின்கட்டுக்குப் போயிருந்தாள். கயிறு வேதவல்லி கையில். அவள் முகம் மலர்ந்ததை அன்றைக்குத்தான் பேட்டை பார்த்தது.

முதலியார் ஓடி வந்தார். "சார், சார், நல்ல நாளும் அதுவுமா சுத்தியலோட வந்து நிக்கிறீங்களே. பொண்ணு வீட்டுக்காரங்க என்னா நெனைப்பாங்க?"

"உத்தரவு இருக்குங்க."

"இருக்கட்டும் சார், யாரு இல்லேன்னா? இந்த மாசம் போவட்டும். பங்குனியில வாங்க, நானே ஏணி புடிக்கிறேன். இத்தினி வருசம் இருந்தவரு ரெண்டு மாசம் இருக்க மாட்டாரா?"

அதிகாரி சுற்றிப் பார்த்தார். பூக்காரி நின்றாள், மேளக்காரன் நின்றான், இலைக்காரன் நின்றான், மரகதம்கூட, அவள் பேரனுக்குத் தையில்தான் சமையல் வேலை, அவளும் நின்றாள். "ஆமா சார், பங்குனியில வெச்சுக்கலாம்" என்றது பேட்டை. அதிகாரி வேதவல்லியைப் பார்த்து, "நீங்க என்னம்மா சொல்றீங்க?" என்று கேட்டார்.

உள்ளே அவன் பாடிக்கொண்டிருந்தான். அவள் கயிற்றைக் கொஞ்சம் முன்னே நீட்டினாள், யாராவது வாங்கிக்கொள்ளுங்கள் என்கிற மாதிரி, பூக்காரியிடம் நீட்டினாள், மேளக்காரனிடம் நீட்டினாள், மரகதத்திடம் நீட்டினாள். ஒரு கை பிடித்திருந்தால் போதும், அவள் பேசியிருப்பாள். பேட்டையில் ஒருத்தரும் கை நீட்டவில்லை. மரகதம் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

"அவங்களும் ஒண்ணும் சொல்லலையே" என்று அதிகாரி போய்விட்டார். உத்தரவு போட்டவர் பங்குனிக்குள் மாற்றலாகிவிட்டார், புதிதாக வந்தவருக்கு அது என்ன உத்தரவு என்று புரியவில்லை. முதலியார் பங்குனியில் ஏணி பிடிக்கத் தயாராகத்தான் இருந்தார், பொய் சொல்லக் கூடாது. ஏறத்தான் ஆளில்லை.

அன்றைக்குத் தாயாரு பின்கட்டிலிருந்து வந்து கயிற்றை வாங்கினதும், வேதவல்லி எழுந்து முந்தானையை உதறி, பேட்டை சனம் முன்னால் நின்று, "உங்க வூட்டுக் கல்யாணமெல்லாம் நல்லபடியா நடக்கட்டும்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அதற்குப்பிறகு அவள் எந்தப் படியும் ஏறவில்லை. சில வருசம் கழித்துக் கயிற்றைப் பிடித்தபடியே செத்துப்போனாள். விரலைப் பிரித்துத் தாயாரு வாங்கிக்கொண்டாள், ஆத்தா பிடிக்கிற அதே இறுக்கத்தில் பிடித்தாள். ஒன்றும் சொல்ல முடியாதே, பாட்டு கேட்டுக்கொண்டிருக்கிறதே. அதனால் உள்ளே இருக்கிறவனுக்குச் சேதி போகவில்லை. அவன் "தெரியுதாடி என் பொண்டாட்டி" என்று பாடிக்கொண்டேதான் இருந்தான்.

ஏசி மண்டபங்கள் வந்ததும் முதலியார் மண்டபம் படுத்தது. கொஞ்ச காலம் கட்டடம் பூட்டிக் கிடந்தது; அண்டாவும் பாட்டும் தாயாருவும் மட்டும் உள்ளே. அப்புறம் போன மழைக்காலம் முடிந்ததும் விஷ்வக் என்று ஒரு பையன், கடுக்கன் போட்டுக்கொண்டு, நல்ல மரியாதையான பையன், அதை விலைக்கு வாங்கினான். என்ன செய்யப்போகிறான் தெரியுமா? பீர் காய்ச்சி அங்கேயே விற்கப்போகிறான். சட்டம்தான் எப்பவோ தலைகீழாக மாறிவிட்டதே. பேட்டைக்கு இது ஒன்றும் அதிசயமாகப் படவில்லை. தாயாரு மட்டும், அவளுக்கு அப்போது எழுபதைத் தாண்டியாயிற்று, கயிற்றை ஒரு பெயிண்டர் பையனிடம் கொடுத்துவிட்டு விஷ்வக்கிடம் ஓடினாள்.

"தம்பி, அப்போ மூடியைத் தொறந்துடுவே இல்ல? குடி கூடாதுன்னு வெச்ச சீலு. இப்போ குடிக்கலாம்ல?"

விஷ்வக் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "ஆன்ட்டி, அந்த சீலுக்காகத்தான் நான் இந்தப் பில்டிங்கையே வாங்கினேன். ஒரிஜினல் அரக்கு. ஒரு கீறல் விழாம இருக்கு. இந்தியாவுல எங்கயும் கிடையாது. அதைப் போய் உடைப்பாங்களா?"

அரக்குக்குமேல் ஒரு கண்ணாடிப் பெட்டி வைத்தார்கள், அதற்குள் சின்னதாக ஒரு விளக்கு. செம்பைத் தேய்த்துத் தேய்த்துத் தங்கமாக்கினார்கள். தாயாருவைப் போகச் சொல்லவில்லை. கயிறு பிடித்து உட்காரட்டும், வருகிறவர்களுக்குப் பிடிக்கும் என்று புதுச் சேலைகூட வாங்கிக் கொடுத்தார்கள். அடுத்து, சங்கு அறைக்குமேல், கூரையில் துருப்பிடித்துக் கிடந்த பழைய சங்கைக் கீழே இறக்கி, மெக்கானிக் வைத்துச் சரிசெய்து, சிவப்புப் பெயிண்ட் அடித்தார்கள்.

தாயாரு கயிற்றை அந்த மெக்கானிக் கையில் திணித்துவிட்டு விஷ்வக்கிடம் ஓடினாள். "தம்பி, அத்த ஊதுவியா?"

"ஊதாம? திறப்பு விழா அன்னைக்கு ஊதுறோம். அப்புறம் தினமும் சாயங்காலம் ஊதுவோம். சங்கு ஊதினா ஒரு மணி நேரம் பீர் பாதி விலை."

"ஊதாதப்பா. ஊதினா வேல முடிஞ்சுதுன்னு அவரு பாட்ட நிறுத்திடுவாரு. நிறுத்திட்டு மேல வரணும். மூடியத் தொறந்து வெச்சுட்டு ஊது, உனக்குப் புண்ணியமாப் போவும். தொறக்கலேன்னா ஊதாத. பாட்டு நின்னா அந்தக் காத்து ஆள வுடாது."

"சூப்பர் ஆன்ட்டி" என்றான் விஷ்வக். நெஞ்சைத் தொட்டுத்தான் சொன்னான். "இதே மாதிரி கஸ்டமர்ஸுக்கும் சொல்லுங்க."

திறப்பு விழா அன்று தாயாரு நெத்திலிக் குழம்பு வைத்துக் கொண்டுபோய், அண்டா ஓரத்தில் மூடி வைத்துவிட்டுக் கயிற்றைப் பிடித்து உட்கார்ந்தாள். சங்கு ஊதுவதற்குள் கொடுத்துவிடலாம் என்று நினைத்தாள், ஆனால் குழாய்ப் பக்கம் போகவிடாமல் சனம் நெருக்கியது. வெளியூர் ஆள்கள், காரில் வந்தவர்கள், ஸ்பீக்கரில் தம் தம் என்று ஒரு சத்தம். அவள் காதைச் செம்போடு ஒட்டிவைத்துக்கொண்டாள். ரொம்பத் தூரத்திலிருந்து கேட்கிற மாதிரி கேட்டது: லாபம், ரெண்டு, மூணு, ஈரெட்டு பதினாறு, தங்கத் தோண்டி.

சாயங்காலம் சங்கு ஊதியது.

பேட்டையில் அந்தச் சத்தத்தை முன்னே கேட்டவர்கள் யாரும் உயிரோடு இல்லை, ஆனாலும் தெருவில் நாய் எல்லாம் எழுந்து நின்றது, கிழவர்கள் காரணமில்லாமல் செருப்பைத் தேடினார்கள். ஊதி முடிந்ததும் பாட்டு நின்றது. தாயாரு பிறந்ததிலிருந்து நிற்காத பாட்டு நின்றது. அவள் கையில் கயிறு மூணு தடவை சுண்டியது.

அவள் எழுந்து நின்று இழுத்தாள். பாரம் இருந்தது, ஒரு முழு ஆளின் பாரம், மேலே ஏறி, மூடியில் போய் இடித்து நின்றது. "சங்கு ஊதிடுச்சி!" என்று கத்தினாள். வாழ்நாளில் கயிறு கையில் இருக்கும்போது அவள் பேசினது அதுதான் முதல் தடவை. "சங்கு ஊதிடுச்சிப்பா! மேல வந்துட்டாரு! மூடியத் தொறங்க!" அந்த நிமிசம் பாதி விலை என்று ஸ்பீக்கரில் சொல்லி, பாட்டை முன்னைவிடச் சத்தமாகப் போட்டார்கள், எல்லாரும் கோப்பையைத் தூக்கி ஹோவென்று ஆர்ப்பரித்தார்கள். சிலர் அவளுக்காகக் கை தட்டினார்கள். ஒரு பெண் பக்கத்தில் வந்து நின்று படம் எடுத்துக்கொண்டது. விஷ்வக் தூரத்திலிருந்து, பிரமாதம் என்று விரலைக் காட்டினான்.

கயிறு மறுபடி மூணு சுண்டு சுண்டியது. பிறகு இரண்டு. பிறகு ஒன்று, பொறுமையாக, திண்டில் சாய்ந்து தூங்குகிறவளை எழுப்புகிற மாதிரி. அப்புறம் பாரம் மட்டும் இருந்தது. அதை அவள் மெதுவாகக் கீழே இறக்கினாள், அடி தட்டுகிற வரைக்கும் இறக்கினாள்.

பாதி விலை நேரம் முடிந்து கூட்டம் வெளித்தோட்டத்துக்குப் போனது. தாயாரு சட்டியை எடுத்துக் குழாயைத் திறந்து, அதன் வாயில் எப்பவும் வைக்கிற நேரத்துக்கு வைத்திருந்தாள். பிறகு எடுத்தாள். அப்பன் சாப்பிட்டாயிற்று, இனி தான் சாப்பிடலாம் என்று கீழே உட்கார்ந்து, சோற்றில் குழம்பை ஊற்றிப் பிசைந்து, ஒரு கவளம் வாயில் வைத்தாள்.

நாக்கில் புளி ஏறியது. மிளகாய் காதுவரைக்கும் போனது. நெத்திலி நெத்திலியாக இருந்தது. உப்பு சரியாக இருந்தது.